நாலாவது சிலிண்டர்

எஞ்சின் மூன்று கோணிப்பைகளிலும் ஒரு மண்ணெண்ணெய் டின்னிலும் என் ஷெட்டுக்கு வந்து சேர்ந்தது. சிலிண்டர்கள் உள்ள கனத்த பிளாக்கை மட்டும் தனியாக மாட்டுவண்டியில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். அதற்குப் பின்னால், மூக்குப் பக்கம் காலியாகிப்போன பச்சை நிற செவர்லே பிக்கப் ஒன்றை லாரி சங்கிலி போட்டு இழுத்துக்கொண்டு வந்தது. எஞ்சின் இல்லாத வண்டியிலும் ஸ்டியரிங்கைப் பிடித்து நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார் கோவிந்தராஜ். பக்கத்தில் அவர் மனைவி பொன்னியம்மா. டின் அவர் மடியில் இருந்தது.

அது அறுபத்தெட்டாம் வருஷம், சித்திரை மாதம். எனக்கு முப்பத்திரண்டு வயது. மண்ணூர்பேட்டையில், எஸ்டேட் என்று நாங்கள் சொல்லும் அம்பத்தூர் தொழிற்பேட்டையின் சுவரை ஒட்டி ஒரு ஓலை ஷெட் போட்டிருந்தேன். லாரி, டிராக்டர், எது நின்றுபோனாலும் என்னிடம் வரும்.

"நீதான் கன்னியப்பனா?" இறங்கியதும் பொன்னியம்மா கேட்டார்.

"ஆமாக்கா."

"முனியன்னு ஒருத்தன் இத்தப் பிரிச்சான். பிரிச்ச மறுநாளே பிலாய்ல இரும்பு கம்பெனில வேலை கெடச்சிடுச்சின்னு ரயிலேறிட்டான். இனிமே அவன் வரமாட்டான். நீ சேத்துக் குடுப்பியா?"

வேறொருத்தன் பிரித்த எஞ்சினைச் சேர்ப்பதில் ஒரு தொல்லை உண்டு. பிரிக்கும்போதுதான் எஞ்சின் தன் கதையைச் சொல்லும். எந்த நட்டு தளர்ந்திருந்தது, எங்கே எண்ணெய் கசிந்தது, எது எதற்குப் பக்கத்தில் இருந்தது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். கோணியில் வந்தால் வெறும் இரும்புதான். ஆனால் அந்த அம்மா கேட்ட தோரணையில் மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

பொன்னியம்மாவுக்கு வீடு பட்டாபிராமில். எஸ்டேட்டில் கேண்டீன் இல்லாத மூன்று கம்பெனிகளுக்கு அவர்தான் மத்தியானச் சாப்பாடு. நூற்றி நாற்பது பேருக்குச் சோறு, சாம்பார், ஒரு பொரியல், மோர். அதையெல்லாம் அண்டாக்களில் ஏற்றிக்கொண்டு வரத்தான் இந்த பிக்கப். மூன்று வருஷத்துக்கு முன்னால் பூந்தமல்லியில் ஒரு ரைஸ் மில்லிடமிருந்து வாங்கியது. அதற்கு முன் யுத்த காலத்தில் பட்டாளத்திடம் இருந்ததாம். வாங்கிய நாளிலிருந்தே ஆட்டம் என்றார் கோவிந்தராஜ்.

"ஸ்டார்ட் பண்ணா வண்டி மொத்தமும் ஜுரம் வந்தாப்ல நடுங்கும். பழைய வண்டின்னா அப்டித்தான்னு வுட்டுட்டேன். இப்ப புகை, எண்ணெ குடிக்குது, லோடு இழுக்கல."

வண்டி ஷெட்டில் நின்ற நாள்களில் சாப்பாடு இரண்டு சைக்கிள் ரிக்‌ஷாக்களில் வந்தது. பாதி நாள் ஒரு மணிக்கு வரவேண்டியது ஒன்றரைக்கு வந்தது. பரிமாறி முடித்துவிட்டு இரண்டு மணிக்கு பொன்னியம்மா நேராக என் ஷெட்டுக்கு வந்துவிடுவார். ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு சாமானாகக் கையிலெடுத்துக் கேட்பார்.

"இது இன்னா?"

"வால்வுக்கா."

"இன்னா பண்ணும்?"

"சிலிண்டருக்குள்ள பெட்ரோல் காத்து வர்றப்ப ஒண்ணு தொறக்கும். எரிஞ்ச புகை போறப்ப இன்னொண்ணு தொறக்கும். ஒரு சிலிண்டருக்கு ரெண்டு."

"வரதுக்கு ஒரு வாசல், போறதுக்கு ஒரு வாசலா? சரி. அத்த யாரு தொறக்கறது?"

முதல் இரண்டு நாள் எரிச்சலாகத்தான் இருந்தது. ஒருநாள் சொல்லியும் விட்டேன், "எதுக்குக்கா உங்களுக்கு இதெல்லாம்? வேலை முடிஞ்சா சொல்லி அனுப்பறேன்."

"என் வண்டி. உள்ள இன்னா கீதுன்னு நான் பாக்க வாணாமா?" என்றார். "வயித்த அறுக்கற டாக்டரு நம்மகிட்ட காட்ட மாட்டான். நீயாச்சும் காட்டு."

மூன்றாம் நாளிலிருந்து இரண்டு மணி ஆனால் நானே ரோட்டைப் பார்க்க ஆரம்பித்தேன். கேட்கிற ஆள் இருந்தால் நமக்கே தெரியாதது தெரியவருகிறது.

கோணிகளைக் கொட்டி, மண்ணெண்ணெயில் கழுவி, சாக்கு விரித்து வரிசையாக அடுக்கினேன். ஆறு பிஸ்டன். ஆறு கனெக்டிங் ராடு. பன்னிரண்டு வால்வு, அதில் ஒன்றுக்கு விளிம்பு கருகி எலி கடித்தது போல் இருந்தது. அதைப் பழைய இரும்புக் குவியலில் எறிந்தேன். வால்வுகளைத் தள்ளித் திறக்கிற நீளக் கம்பிகளைப் புஷ்ராடு என்போம். அதுவும் பன்னிரண்டு இருக்கவேண்டும். பத்துதான் இருந்தது. மூன்று கோணியையும் உதறிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. முனியனைத் திட்டிவிட்டு, இரண்டு செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

பிறகு பிளாக்கைத் துடைத்து, ஆறு சிலிண்டரிலும் ஒவ்வொன்றாக விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன். பிஸ்டன் ஏறி இறங்கி ஏறி இறங்கி சிலிண்டர் தேயும்போது மேல்பக்கம் ஒரு விளிம்பு நிற்கும். அதில் நகம் தட்டும். ஒன்று, தட்டியது. இரண்டு, மூன்று, தட்டியது. நாலாவதில் நகம் வழுக்கிக்கொண்டு போயிற்று.

மறுபடி தடவினேன். ஐந்து, தட்டியது. ஆறு, தட்டியது. நாலுக்குத் திரும்பினேன். கண்ணாடி.

எஸ்டேட்டில் டூல்ரூமில் இருந்த ஒரு சிநேகிதரிடம் அளவு பார்க்கிற கேஜை இரவல் வாங்கி வந்தேன். ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை நாங்கள் 'தௌ' என்போம். மற்ற ஐந்து சிலிண்டரும் பதினெட்டு, பத்தொன்பது, இருபது தௌ தேய்ந்திருந்தன. நாலாவது நாலே தௌ. உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்தால், செய்தபோது போட்ட குறுக்குக் கோடுகள்கூட அங்கங்கே தெரிந்தன.

ஒரே பிளாக், ஒரே எண்ணெய், ஒரே ரோடு. எப்படி?

தேய்ந்துபோய் யாரோ உள்ளே புதுக் குழாய் செருகியிருப்பார்கள் என்று நினைத்தேன். ஸ்லீவ் போடுவது சாதாரண வேலைதான். ஆனால் குழாய் செருகினால் மேலே ஒரு வளையக் கோடு தெரியும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், இல்லை. பிஸ்டன்தான் வேறு இரும்போ என்று சந்தேகம் வந்தது. பொன்னியம்மாவிடம் சொன்னேன். மறுநாள் ரிக்‌ஷாவில் அண்டாவோடு அண்டாவாக அவர் வீட்டுத் தராசும் வந்தது.

ஆறு பிஸ்டனையும் நிறுத்தோம். அவரே தராசைத் தூக்கிப் பிடித்தார். ஒன்றுக்கொன்று ஒரு மிளகாய் எடைகூட வித்தியாசமில்லை.

"அப்போ இரும்பு இல்ல," என்றார்.

"இல்லக்கா."

ஓரம் தேயாததால் நாலாவது சிலிண்டருடையது என்று தெரிந்த பிஸ்டனின் தலையில் மட்டும் பிசின் மாதிரி கறுப்பு எண்ணெய் ஒட்டியிருந்தது. மற்றதில் எல்லாம் கரி காய்ந்து கெட்டியாக இருந்தது. பிசினை மண்ணெண்ணெயில் ஊறவைத்துச் சுரண்டினேன். அடியில் எழுத்து வந்தது. உளி முனையால் கொத்திய தமிழ் எழுத்து, கட்டைவிரல் நகம் அளவு.

பி.

நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"பேரு," என்றார் அவர். "எவனோ பேரு வெட்டிக்கிறான். அண்டால நம்ம பேரு வெட்றோம்ல."

எனக்கும் அப்படித்தான் பட்டது. அந்த ஆள் நாலாவது சிலிண்டரில் ஏதோ செய்திருக்கிறான். எப்படிச் செய்தானோ, ஆனால் பெருமையாகத் தன் எழுத்தை வெட்டிவிட்டுப் போயிருக்கிறான். அந்த வித்தை எனக்குத் தெரிந்தால் ஆறையும் அப்படியே செய்துவிடலாம். இந்த வண்டி மட்டுமா? எஸ்டேட்டுக்கு வருகிற அத்தனை லாரியும் என் ஷெட்டில்தான் நிற்கும். அந்த ராத்திரி தூக்கமே வரவில்லை என்று சொன்னால் பொய், நன்றாகத் தூங்கினேன். ஆனால் கனவில் எல்லாம் பிச்சமுத்து, பிள்ளையார், பிரகாசம் என்று பேர்களாக வந்தன.

மறுநாள் அக்கா டயரில் உட்கார்ந்தபடி ஒன்று சொன்னார். "எங்க ஊட்ல ஆறு அண்டா கீது. அஞ்சு அண்டாக்கு அடி கருகி ஓட்டையாவப் போவுது. ஒண்ணு மட்டும் நேத்து வாங்கனாப்ல பளபளன்னு கீது. ஏன் தெரியுமா? அத்த அடுப்புல ஏத்தறதே இல்ல. மோர் கலக்கற அண்டா."

நான் சிரித்துவிட்டேன். "எஞ்சின்ல அப்டி ஒண்ணு மட்டும் சும்மா குந்திகினு இருக்க முடியாதுக்கா. ஆறும் எரிஞ்சாதான் ஓடும்."

"நீ சொன்னா சரி," என்றார்.

சிக்கல் எங்கே வந்ததென்றால், ரீபோர். தேய்ந்த சிலிண்டர்களைக் கடைந்து கொஞ்சம் பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடவேண்டும். ஐந்தை மட்டும் கடைய முடியாது. ஆறும் ஒரே அளவாக இருக்கவேண்டும். அப்படியென்றால் அந்தக் கண்ணாடி மாதிரி நாலாவது சிலிண்டரையும் கடைந்து தள்ளவேண்டும். கடைகிற மெஷின் எஸ்டேட்டில் ஒரே இடத்தில்தான் இருந்தது. எனக்கு வியாழக்கிழமை முறை கொடுத்திருந்தார்கள்.

வியாழக்கிழமை நான் பிளாக்கை அனுப்பவில்லை.

கோவிந்தராஜ் சாயங்காலம் வந்தார். பிளாக் வைத்த இடத்திலேயே இருந்ததைப் பார்த்ததும் அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"இன்னா மாமே, வெளையாடறியா? அங்க ஒரு கம்பெனிக்காரன் சோறு ஆறிப்போச்சுன்னு வேற ஆளப் பாக்கறேன்றான். நீ இங்க ஓட்டைக்குள்ள விரல வுட்டுகினு குந்திக்கிற!"

"கடஞ்சிட்டா அழிஞ்சிடும் அண்ணாத்தே. என்னா செஞ்சான்னு தெரியாமலே போயிடும். அடுத்த வியாழக்கிழமை மறுபடி முறை கீது. அதுக்குள்ள அந்த 'பி' யாருன்னு கண்டுபுடிச்சிடறேன்."

அவர் பொன்னியம்மாவைப் பார்த்தார், நீயாவது சொல்லேன் என்பதுபோல.

"ஒரு வாரந்தான?" என்றார் அக்கா. "எனக்கும் தெரியணும்."

கோவிந்தராஜ் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறிவிட்டுப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நானும் அக்காவும் பஸ் பிடித்துப் பூந்தமல்லி ரைஸ் மில்லுக்குப் போனோம். மில் கைமாறியிருந்தது. பழைய முதலாளி செத்துப்போய் நாலு வருஷம். அப்போதிலிருந்து இப்போதுவரை இருந்தவர் வாயிற்காவலர் துலுக்கானம் ஒருத்தர்தான். தவிடு பறந்து அவர் மீசை, புருவம் எல்லாம் வெளுத்திருந்தது.

"பச்சை வண்டியா? ஏன் ஞாபகமில்ல! போனா பூந்தமல்லியே ஆடும்."

"அதுக்கு ரிப்பேர் வேலை யாரு பாத்தா? 'பி'ல ஆரம்பிக்கற பேரு."

துலுக்கானம் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். "பி... பிச்சாண்டி! குத்தம்பாக்கத்துல கீறான். மில்லுக்கு இரும்பு வேலைன்னா அவன்தான் வருவான்."

அன்றைக்கே போக பஸ் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போனோம். வெயில் மண்டையைப் பிளந்தது. குத்தம்பாக்கத்தில் பிச்சாண்டியைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. கொல்லுப்பட்டறை சத்தம் ஊர் எல்லையிலேயே கேட்டது. நான் துணியில் சுற்றிக்கொண்டு போன பிஸ்டனை அவிழ்த்து அவர் கையில் கொடுத்தேன்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். பிறகு தீவிரமான முகத்தோடு கேட்டார், "இது இன்னாது?"

எங்கள் இரண்டு பேருக்கும் முகம் விழுந்துவிட்டது. வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுகிறவர் அவர். மோட்டார் எஞ்சினை வாழ்க்கையில் தொட்டதே இல்லையாம். மில்லில் நெல் சலிக்கிற சல்லடைக்குத்தான் போவாராம்.

"ஆனா அந்த வண்டிய ரிப்பேர் பண்ணவர எனக்குத் தெரியும்," என்றார், எங்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தபடி. "நாகப்பன். ஆவடி மிலிட்டரி டிப்போல இருந்தவரு. சண்டை முடிஞ்சப்புறம் மில்லுல கொஞ்ச வருசம் வேலை பாத்தாரு. இப்ப சேக்காட்டுல எருமை வெச்சிகினு கீறாரு."

"நாகப்பன்னா 'நா' வருது," என்றார் அக்கா ஏமாற்றத்தோடு. "'பி' எங்க வருது?"

ஆனாலும் போனோம். சேக்காடு பட்டாபிராமுக்குப் போகிற வழிதானே. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது மணி நாலரை. நாகப்பன் வீடு மெயின் ரோட்டிலேயே இருந்தது. முன்னால் தென்னங்கீற்றுக் கொட்டகை, அதில் நாலு எருமை. ஐம்பத்தைந்து வயது இருக்கும் அவருக்கு. ஒல்லியான ஆள், முழங்கை வரை தவிட்டுத் தண்ணீர். அவர் மனைவி தாயம்மா பக்கத்தில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார்.

நான் பேரெல்லாம் சொல்லவில்லை. துணியை அவிழ்த்துப் பிஸ்டனை நீட்டினேன்.

நாகப்பன் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். அந்த எழுத்தைப் பார்த்தார். விரலால் அதை ஒரு தடவை தடவினார். அப்புறம் அப்படியே திரும்பி, எருமைத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"இது எங்க கெடச்சுது?"

"இந்த எழுத்து நீங்க போட்டதா நைனா?"

"நான்தான்."

ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் கேட்டுவிட்டேன். என்ன போட்டீர்கள், எப்படித் தேயாமல் வைத்தீர்கள், எண்ணெயில் ஏதாவது கலந்தீர்களா, ரிங்கு எங்கே வாங்கினீர்கள். மற்ற ஐந்தும் பத்தொன்பது, இருபது தௌ, இது நாலே தௌ என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். உதடு துடித்தது. திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். சத்தமே வராத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஒண்ணும் பண்ணல நைனா," என்றார். "ஒண்ணுமே பண்ணல. அது ஓடவே இல்ல."

"இன்னாது?"

"ஐம்பத்தஞ்சுல. நாலாவது சிலிண்டருக்குப் புகை போற வால்வு கருகிப்போச்சு. வெளிநாட்டு வால்வு வேணும், அப்ப வரத்து இல்ல, எழுதிப் போட்டா மாசக் கணக்காவும். முதலாளிகிட்ட சொன்னேன், வண்டிய நிறுத்துங்க, வால்வு வரட்டும்னு. அறுவடை நேரம். 'ஓட்ற மாதிரி பண்ணு, பின்னாடி பாத்துக்கலாம்'னாரு. அதனால நாலாவதுக்கு இருந்த புஷ்ராடு ரெண்டையும் உருவிட்டேன். வாசல் ரெண்டும் மூடிகிச்சு. பெட்ரோலும் போவல, நெருப்பும் இல்ல. பிஸ்டன் சும்மா ஏறி எறங்கிகினு இருந்தது. வண்டி அஞ்சுல ஓடிச்சு."

கோணியில் பத்தே புஷ்ராடு. குவியலில் எறிந்த கருகின வால்வு. எல்லாம் என் கையில்தான் இருந்தது.

"அந்த எழுத்து?" என்று கேட்டார் பொன்னியம்மா.

"பின்னாடி," என்றார் நாகப்பன். "பின்னாடி பாத்துக்கலாம்னாருல்ல. கோவத்துல வெட்டினேன். டிப்போல நாங்க முடியாத வேலைக்கு ஒரு எழுத்து போட்டு வெப்போம், மறந்துடக் கூடாதுன்னு."

பொன்னியம்மா என் பக்கம் திரும்பினார். "அடுப்புல ஏத்தாத அண்டா," என்றார்.

எஸ்டேட் லாரி எல்லாம் என் ஷெட்டு முன்னால் வரிசையில் நிற்கிற காட்சி கலைந்து போய்க்கொண்டிருந்தது.

"அப்பறம் ஏன் வால்வு போடல?" என்று கேட்டேன்.

நாகப்பனின் சிரிப்பு நின்றுவிட்டது. "ஒரு மாசங்கழிச்சி வால்வு கேட்டேன். வண்டி ஓடுதுல்ல, நீ துட்டு அடிக்கத்தான் கேக்கறேன்னாரு முதலாளி. எல்லார் எதிர்லயும். துண்டத் தோள்ல போட்டுகினு வந்துட்டேன். கோவத்துல யார்கிட்டயும் சொல்லல. டிரைவர்கிட்டயும் சொல்லல. அதுக்கப்புறம் எந்த வண்டியையும் தொடல. எவனாச்சும் மூடியத் தொறந்து பாத்திருப்பான், பாத்துட்டு அப்டியே மூடியிருப்பான். அவனுக்கு இன்னா வந்துது?"

தாயம்மா கயிறு திரிப்பதை நிறுத்தியிருந்தார். "சொல்லிடு," என்றார் தாழ்ந்த குரலில். "அவங்க கேக்கலன்னா இன்னா, சொல்லிடு."

நாகப்பன் கொஞ்ச நேரம் எருமையின் முதுகைத் தேய்த்தார். "மூணு வருசமா அந்த வண்டி இந்த ரோட்டுலதான் போவுது. தெனம் பதினொண்ணே முக்காலுக்கு. எருமைக்குத் தண்ணி காட்டற நேரம். சத்தத்துலயே தெரியும் எனக்கு. அஞ்சு பேசும், ஒண்ணு பேசாது. இவ சொல்வா, போய் நிறுத்திச் சொல்லுன்னு. நான் உள்ள போயிடுவேன்."

பொன்னியம்மாவின் முகம் மாறியதை அப்போதுதான் பார்த்தேன்.

"மூணு வருசமா தெரியுமா?" என்றார். "மூணு வருசம் அண்டா ஆடி ஆடி, சாம்பார் என் மேல கொட்டி, இதோ பாரு." புடவைத் தலைப்பை விலக்கி முழங்கையைக் காட்டினார். பழைய தழும்பு, உள்ளங்கை அகலம். "ஆவடி கேட்டுகிட்ட வண்டி குலுங்கி ஊத்திகிச்சு. நீ இங்க குந்திகினு சத்தம் கேட்டுகினு இருந்தியா?"

"எந்த மூஞ்ச வெச்சிகினு சொல்றதும்மா?" என்றார் நாகப்பன்.

ரோட்டில் ஒரு பஸ் போயிற்று. புழுதி எழுந்து அடங்கியது. பொன்னியம்மா தலைப்பைச் சரிசெய்துகொண்டார். கோபம் போய்விட்டதா இல்லையா என்று தெரியாத குரலில் கேட்டார்:

"அந்த வால்வ உனக்குப் பொருத்தத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"அப்போ வியாழக்கிழமை வா. மண்ணூர்பேட்டை. நீ வெச்சிட்டுப் போனத நீயே முடி."

வியாழக்கிழமை பிளாக் கடைய எஸ்டேட்டுக்குப் போயிற்று. மெஷின் சுற்றத் தொடங்கியதும் நாலாவது சிலிண்டரிலிருந்தும் இரும்புத் தூள் கொட்டியது. எனக்கு ஒரு விநாடி சங்கடமாகத்தான் இருந்தது. பிறகு அதுவும் இரும்புதான் என்று ஆகிவிட்டது.

நாகப்பன் காலையில் பால் ஊற்றிவிட்டு ஒன்பது மணிக்கு வந்தார். முதல் நாள் சாமான்களைத் தொடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சாக்கைச் சுற்றிச் சுற்றி நடந்தார். கருகினதற்கு மாற்று வால்வைப் பழைய சாமான் கடையில் தேடி வாங்கியிருந்தேன், குறைந்த இரண்டு புஷ்ராடையும் செய்துவைத்திருந்தேன். இரண்டாம் நாள் வால்வு ஒன்றை எடுத்தார். அப்புறம் வைக்கவில்லை. வால்வின் விளிம்பும் அது உட்காருகிற இடமும் காற்றுப் புகாமல் பொருந்தவேண்டும்; அரைக்கிற பசை தடவி, உள்ளங்கைகளுக்கிடையே குச்சியைக் கடைவதுபோல் இப்படியும் அப்படியும் சுற்றவேண்டும். பன்னிரண்டில் பெரும்பாலும் அவர்தான் செய்தார். செய்து முடித்ததும், வால்வுகள் உட்காருகிற மேல்மூடியான ஹெட்டைக் கவிழ்த்துவைத்து மண்ணெண்ணெய் ஊற்றுவார். ஒரு சொட்டு ஒழுகக் கூடாது. அக்கா வந்தால் அவருக்கும் கொடுப்பார், "சுத்து, அதிகமா அமுக்காத" என்று. ஏழாவது வால்வு பொன்னியம்மா அரைத்தது. ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. இன்றைக்கு யாராவது கேட்டாலும் அதை அவர் சொல்வார்.

கிராங்க் என்கிற வளைதண்டு சுற்றுகிற இடங்களில் ஒயிட் மெட்டல் என்கிற வெள்ளை உலோகத்தை உருக்கி ஊற்றிச் சுரண்டினோம். நான் சுரண்டினேன், அவர் தொட்டுப் பார்த்து "இன்னும் கொஞ்சம்" என்றார். அவர் சுரண்டினார், நான் "போதும்" என்றேன். இரண்டு முறை சண்டையும் போட்டோம். ஷெட்டுக்குள் வந்த கோவிந்தராஜ் எங்கள் சண்டையைக் கேட்டுவிட்டு, நாலாவது ஓடவே இல்லை என்பது முழுசாகப் புரிந்ததும் முதலில் செய்தது தலையில் அடித்துக்கொண்டதுதான்.

"நாலாவது பிளக்கு எப்ப கழட்டினாலும் கரியே இல்லாம இருக்கும்! அது ஒண்ணாச்சும் நல்லா கீதேன்னு நான் சந்தோசப்பட்டேனே!"

அன்று நாங்கள் நாலு பேரும் வேலையை விட்டுவிட்டுச் சிரித்தோம்.

எஞ்சினை வண்டியில் ஏற்றியது வைகாசி மூன்றாம் ஞாயிறு. மூன்று கால் நட்டு, சங்கிலிக் கப்பி கட்டி இறக்கினோம். தண்ணீர், எண்ணெய் ஊற்றினோம். கோவிந்தராஜ் ஸ்டியரிங்கில். நான் முன்னால் குனிந்து கைப்பிடியைச் செருகிச் சுற்றினேன். ஒன்று. ஒன்றுமில்லை. இரண்டாவது சுற்றில் இருமியது. மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. கொஞ்சம் உறுமி, புகை கக்கி, பிறகு தணிந்தது.

கோவிந்தராஜ் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "இன்னா மாமே, நின்னுட்ச்சா?"

"ஓடுது அண்ணாத்தே."

"ஸ்டியரிங் ஆடலையே?"

நாகப்பன் காலை அகட்டி நின்று, கண்ணை மூடிக் காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார் போலிருக்கிறது. ஆறு வந்ததும் நிறுத்தினார்.

புது எஞ்சினை முதலில் மெதுவாகத்தான் ஓட்டவேண்டும். நாலு பேரும் ஏறிக்கொண்டோம். முன்சீட்டில் கோவிந்தராஜும் அக்காவும் நாகப்பனும், பின்னால் காலி அண்டாக்களுக்கு நடுவில் நான். அம்பத்தூர், திருமுல்லைவாயல், ஆவடி என்று இருபது மைல் வேகத்தில் போனோம். சைக்கிள்காரர்கள் எங்களை முந்திக்கொண்டு போனார்கள். கோவிந்தராஜ் காலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது கண்ணாடி வழியாக எனக்குத் தெரிந்தது.

சேக்காட்டில் நாகப்பன் வீட்டு வாசலில் வண்டி நின்றது. தாயம்மா கையில் பால் செம்போடு கொட்டகையிலிருந்து வெளியே வந்தார். கறவை நேரம் தாண்டிவிட்டது. எருமைகள் கத்திக்கொண்டிருந்தன.

நாகப்பன் கதவின் கைப்பிடியைப் பிடித்தார். இறங்கவில்லை.

"பட்டாபிராம் வரைக்கும் போய்ட்டு வரலாமா?" என்று கோவிந்தராஜைக் கேட்டார்.

"அங்கதான நாங்க போறோம்."

"நான் அங்கேர்ந்து பஸ்ல வந்துக்கறேன்."

பொன்னியம்மா கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து அவருக்கு இடம் விட்டார். கோவிந்தராஜ் கியர் போட்டார். வாசலிலிருந்து தாயம்மா செம்பைத் தூக்கிக் காட்டிச் சத்தம் போட்டுத் திட்டுவது பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு ரொம்ப தூரம் வரைக்கும் கேட்டது. எஞ்சின் அவ்வளவு அமைதி.